கணினிக் கேள்வி–பதில்: விசையை முதலில் பிடிப்பது யார்?

ஒரே கட்டளைக்காக நாள் முழுவதும் மெனுவைத் திறந்து, அதற்குள் இன்னொரு மெனுவைத் திறந்து தேடுவதைவிட, நம் கைக்கு வசதியான ஒரு குறுக்குவிசையை அதற்கு நாமே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை என்பதால், இம்மாதப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். அச்சில் 'டி' என்றும் 'பி' என்றும் போட்டால் ஆங்கிலத்தின் எந்த எழுத்து என்ற குழப்பம் வரும். ஆகவே எடுத்துக்காட்டுகளில் அவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.

தருமபுரியில் தட்டச்சு மையம் நடத்தும் வாசகி:
ஐயா, வணக்கம். மனு, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தட்டச்சு செய்து தருகிறேன். வாடிக்கையாளர்கள் விவரங்களை மின்னஞ்சலிலோ இணையப் பக்கத்திலோ காட்டி, அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நகலெடுத்து ஒட்டினால் அங்குள்ள எழுத்துரு, நிறம், பின்னணி எல்லாமே சேர்ந்து வந்துவிடுகின்றன. வெறும் எழுத்தாக ஒட்ட கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட் + வி என்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது. மாலையில் சுண்டுவிரல் வலிக்கிறது. இதை மாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. நான்கு விசைகளை மூன்றாகக் குறைப்பதோடு, வேறு இடங்களில் உங்கள் கை பழகியிருக்கக்கூடிய விசையையே இங்கும் கொண்டுவந்துவிடலாம். குரோம் உலாவியில் வெறும் எழுத்தாக ஒட்டுவதற்கு கண்ட்ரோல் + ஷிப்ட் + வி. வேர்டின் அண்மைப் பதிப்புகளிலும் அதுவே. ரைட்டரில் மட்டும் அந்த விசை 'பேஸ்ட் ஸ்பெஷல்' என்ற சிறு பெட்டியைத் திறக்கிறது. அதற்குள் ஒரு வரியைத் தேர்ந்து மறுபடியும் என்டர் தட்ட வேண்டும். அந்தப் பெட்டி உங்களுக்கு அன்றாடம் தேவைப்படாது என்றால், அதன் விசையை எடுத்து இதற்குக் கொடுத்துவிடலாம்.

ரைட்டரில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, 'டூல்ஸ்' மெனுவில் 'கஸ்டமைஸ்' என்பதைச் சொடுக்கி, வரும் பெட்டியில் 'கீபோர்டு' என்ற தாவலுக்குச் செல்லுங்கள். மேற்பாதியில் விசைகளின் நீண்ட பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது அது செய்யும் வேலையின் பெயரும் இருக்கும். வலப்பக்கம் மேலே 'லிப்ரே ஆபீஸ்', 'ரைட்டர்' என இரண்டு வட்டப் பொத்தான்கள் தெரியும். பலரும் கண்ணிலேயே படாமல் கடந்துபோகிற இடம் இதுதான். முதலாவது, ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான பட்டியல். இரண்டாவது ரைட்டருக்கு மட்டும் உரியது. ஒரே விசை இரண்டு பட்டியலிலும் இருந்தால் ரைட்டருக்கு உரியதே செல்லுபடியாகும். பொதுப் பட்டியலில் மாற்றிவிட்டு, மாற்றியும் மாறவில்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே 'ரைட்டர்' வட்டத்தைத் தேர்ந்து, பட்டியலில் கண்ட்ரோல் + ஷிப்ட் + வி என்ற வரியைச் சொடுக்குங்கள். கீழே உள்ள தேடல் கட்டத்தில் 'அன்ஃபார்மேட்டட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், வெறும் எழுத்தாக ஒட்டும் கட்டளை கீழ்ப் பட்டியலில் வந்து நிற்கும். அதையும் சொடுக்கிவிட்டு, வலப்பக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மாடிஃபை', புதியவற்றில் 'அசைன்'. அழுத்தியதும் மேல் பட்டியலின் அந்த வரியில் பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகே 'ஓகே' கொடுங்கள். 'பேஸ்ட் ஸ்பெஷல்' கட்டளை எங்கும் போய்விடவில்லை. விசைதான் கைமாறியிருக்கிறது, கட்டளை 'எடிட்' மெனுவில் இருந்த இடத்திலேயே இருக்கும். மங்கலான சாம்பல் நிறத்தில் தெரியும் வரிகள் மட்டும் மாற்ற முடியாதவை. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அதே பெட்டியில் உள்ள 'சேவ்' பொத்தான், உங்கள் விசை அமைப்பு முழுவதையும் ஒரு சிறு கோப்பாகச் சேமித்துத் தரும். பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால், கணினியை மாற்றும்போது 'லோட்' கொடுத்து ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வரலாம். இந்தக் கோப்பை எடுத்து வைக்காமல் விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்லிவிட்டு வருந்தியவர்கள் நிறைய.

ஒரு விசை மாற்றிய சுகத்தில் இருபது விசைகளை மாற்றப் புறப்பட்டுவிடாதீர்கள். ஒருநாள் முழுக்க விசைப்பலகை அருகே ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, எந்த மெனுவுக்காகச் சுட்டியைத் தொடுகிறீர்களோ அதற்கு நேரே ஒரு கோடு போட்டு வாருங்கள். மாலையில் அந்தச் சீட்டில் பத்துக் கோட்டுக்கு மேல் வாங்கியிருப்பவை மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் விசை வைத்தால் போதும். மற்றவற்றுக்கு வைக்கும் விசை ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கராகப் பணிபுரியும் வாசகர்:
பெங்களூரா மாம்பழ வரத்து நேரத்தில் நாளெல்லாம் எக்செல்தான். சூத்திரத்தை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் ஒட்டும் கட்டளையை மேலே உள்ள குயிக் அக்சஸ் பட்டையில் முதல் இடத்தில் வைத்தேன். ஆல்ட் + 1 அழுத்தினால் வேலை நடக்கும் என்றார்கள். என் கணினியில் அதை அழுத்தினால் ஒன்றுமே ஒட்டுவதில்லை. அடுத்து எண்ணுக்குப் பதில் ஏதாவது எழுத்துத் தட்டினால் தமிழ் வருகிறது. எக்செல் பழுதாகிவிட்டதா?

பதில்: எக்செல் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் அழுத்திய விசை அதன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. உங்கள் கணினியில் என்.ஹெச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அது தமிழ்99, ஒலிபெயர்ப்பு முதலிய விசைப்பலகைகளுக்கு ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது.

குறுக்குவிசை பற்றி இம்மாதம் வந்த பாதிக் கடிதங்களுக்கு விடை இதில்தான் இருப்பதால், சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு விசையை அழுத்தினால் அது நேரே எக்செலிடமோ வேர்டிடமோ போவதில்லை. முதலில் விசைப்பலகையின் உள்ளே இருக்கும் சில்லு அதைப் பார்க்கிறது. பிறகு விண்டோஸ் பார்க்கிறது. விண்டோஸிடம் 'இந்தக் கூட்டு வந்தால் என்னைக் கூப்பிடு' என்று முன்பே சொல்லி வைத்திருக்கும் பின்னணி நிரல்கள் அடுத்துப் பார்க்கின்றன. அவை எதுவும் தொடாமல் விட்டால்தான், திரையில் முன்னால் திறந்திருக்கும் நிரலுக்கு அது கிடைக்கிறது. கால்வாயின் தலைமடையில் தண்ணீரைத் திருப்பிக்கொண்டால் கடைமடைக்கு ஒன்றும் வராததைப் போல, வழியில் யாராவது விசையைப் பிடித்துக்கொண்டால், கடைசியில் இருக்கும் எக்செலுக்கு நீங்கள் ஒரு விசை அழுத்தியதே தெரியாது.

உங்கள் சிக்கலுக்கு ஒரு சுருக்கமான வழி இருக்கிறது. ஆல்ட்டையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தாமல், ஆல்ட்டை ஒருமுறை அழுத்தி விட்டுவிடுங்கள். எக்செலின் மேற்பட்டை முழுவதும் சிறுசிறு எழுத்துகளும் எண்களும் தோன்றும். அதன் பிறகு 1-ஐ அழுத்துங்கள். தமிழ் நிரல் இரண்டும் ஒருசேர வருவதற்குத்தான் காத்திருக்கிறது. தனித்தனியாக வந்தால் அது கண்டுகொள்ளாது, எக்செலுக்கு விசை போய்ச் சேர்ந்துவிடும். இல்லையென்றால், கடிகாரத்துக்கு அருகில் இருக்கும் தமிழ் நிரலின் சின்னத்தைச் சொடுக்கி, அது எந்தெந்த எண்களை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, உங்கள் கட்டளையைப் பட்டையில் அந்த எண்கள் இல்லாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். பட்டையில் ஒன்பதாம் இடம் வரை ஆல்ட் + ஓர் எண் வேலை செய்யும்.

வேர்டில் இருப்பதுபோல ஒவ்வொரு கட்டளைக்கும் விசை வைக்கும் பெட்டி எக்செலில் கிடையாது. பல படிகளை ஒரே கட்டளையாக்கும் மேக்ரோ ஒன்றைப் பதிவு செய்து அதற்கு கண்ட்ரோலோடு ஓர் எழுத்தைக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கொடுக்கலாம்தான்; ஆனால் தாளில் மாற்றம் செய்யும் மேக்ரோவை ஓட்டிவிட்டால், அதற்கு முன் செய்தவற்றைக் கண்ட்ரோல் + இசட் கொண்டு திரும்பப் பெற முடியாது. எடைச் சீட்டுக் கணக்கில் அது எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வேலைக்குப் பட்டையே நல்லது.

பென்னாகரம் வட்டத்தில் பால் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைக் கவனிக்கும் வாசகர்:
வேர்டில் ஆண்டறிக்கை தயாரிக்கிறேன். வலப்பக்க ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் ரூபாய்க் குறியீடு வந்துகொண்டிருந்தது. சில நாள்களாக அது வருவதில்லை. மாறாக, பத்தி முழுவதும் தலைப்புபோல மாறிவிடுகிறது. நான் செய்ததெல்லாம், 'ஹெடிங் 4' என்ற தலைப்பு வடிவத்துக்குக் கண்ட்ரோல் + ஆல்ட் + 4 என்று விசை வைத்ததுதான். வைக்கும்போது அந்த விசை வேறெதற்கும் ஒதுக்கப்படவில்லை என்றுதான் பெட்டியும் காட்டியது.

பதில்: காரணத்தை உங்கள் கடிதத்திலேயே சொல்லிவிட்டீர்கள். ரூபாய்க் குறியீட்டை இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்ட பிறகு, விண்டோஸின் 'இங்கிலீஷ் இந்தியா' விசை அமைப்பில் அது வலப்பக்க ஆல்ட் + 4 என்ற இடத்தில் சேர்க்கப்பட்டது. இப்படிக் கூடுதல் எழுத்துகள் உள்ள விசை அமைப்புகளில், வலப்பக்க ஆல்ட்டைக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே விண்டோஸ் கணக்கில் கொள்கிறது. நீங்கள் வலது ஆல்ட் + 4 அழுத்தினாலும், கண்ட்ரோல் + ஆல்ட் + 4 அழுத்தினாலும் வேர்டுக்கு இரண்டும் ஒன்றுதான். குறியீடு எழுத்தாக உருவாவதற்கு முன்பே வேர்டு அதைத் தன் கட்டளையாகப் பிடித்துக்கொள்கிறது. விசை காலியாக இருப்பதாகப் பெட்டி காட்டியதும் பொய்யல்ல. வேர்டின் கட்டளைகளில் எதற்கும் அது ஒதுக்கப்படவில்லை என்பதைத்தான் அது சொன்னது. விசை அமைப்பில் அந்த இடத்தில் ஓர் எழுத்து இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

திரும்பப் பெற, 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'கஸ்டமைஸ் ரிப்பன்' என்று போய், கீழே 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' என்ற சொற்களுக்கு அருகில் இருக்கும் 'கஸ்டமைஸ்' பொத்தானை அழுத்துங்கள். இடப்பக்க வகைப் பட்டியலின் அடியில் 'ஸ்டைல்ஸ்' இருக்கும். அதைத் தேர்ந்து, வலப்பக்கம் 'ஹெடிங் 4'-ஐச் சொடுக்கி, அதன் கீழே தெரியும் விசையைத் தேர்ந்து 'ரிமூவ்' கொடுத்தால் ரூபாய் திரும்பிவிடும். அதற்கு முன் அடியில் 'சேவ் சேஞ்சஸ் இன்' என்ற கட்டத்தைப் பாருங்கள். மாற்றம் எல்லா ஆவணங்களுக்கும் உரிய 'நார்மல்' வார்ப்புருவில் சேர வேண்டுமா, இப்போது திறந்திருக்கும் ஆவணத்தில் மட்டுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. விசையை எங்கே வைத்தீர்களோ அங்கேதான் நீக்கவும் வேண்டும்.

தலைப்புக்கு வேறு விசை தேவையென்றால் இரட்டைப் படி விசை ஒன்றை வையுங்கள். புதிய விசைக்கான கட்டத்தில், காலியாக உள்ள ஒரு கூட்டை முதலில் அழுத்தி, கையை எடுத்துவிட்டு, அடுத்து 4 என்ற எண்ணை மட்டும் அழுத்தினால், கட்டத்தில் இரண்டும் காற்புள்ளி இட்டுத் தெரியும். பிறகு அதே முன்கூட்டோடு 5, 6 என்று மற்றத் தலைப்புகளுக்கும் கொடுத்துக்கொள்ளலாம்; ஒரே ஒரு கூட்டைச் செலவழித்துப் பத்துக் கட்டளைகளை அடுக்கும் இந்த வசதியை வேர்டில் பலரும் பயன்படுத்தாமலே இருக்கிறார்கள்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக் கணக்கு எழுதும் வாசகர்:
புதிய மடிக்கணினி வாங்கினேன். டேலியில் விற்பனைக்கு எஃப்8 அழுத்தினால் ஒலி கூடுகிறது. டேலியின் விசைகளை வேறு விசைகளுக்கு மாற்ற முடியுமா?

பதில்: முன்பு சொன்ன வரிசையில் முதல் ஆள், அதாவது விசைப்பலகையே, உங்கள் விசையைப் பிடித்துக்கொள்கிறது, விண்டோஸ்வரைகூட அது போவதில்லை. மேல்வரிசை விசைகளை ஒலி, ஒளி ஆகியவற்றுக்கு முதன்மையாக வைத்துத்தான் பல மடிக்கணினிகள் வருகின்றன. 'எஃப்என்' என்ற விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பல வகைகளில் இதுவே பூட்டு. அதில் நடக்கவில்லை என்றால், கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். டேலியில் மெனு வழியாக விசைகளை மாற்றும் இடம் இல்லை. டேலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9-இலிருந்து புதிய டேலி பிரைமுக்கு வந்தவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: கண்ட்ரோல் + எஃப்9 ஆக இருந்த டெபிட் நோட்டு, டேலி பிரைமில் ஆல்ட் + எஃப்5, கண்ட்ரோல் + எஃப்8 ஆக இருந்த கிரெடிட் நோட்டு, ஆல்ட் + எஃப்6. எதற்கு எந்த விசை என்று நினைவில்லாதபோது ஆல்ட் + ஜி அழுத்திப் பெயரைத் தட்டினால் போதும்.

ஓசூரில் ஃப்ளெக்ஸ் பலகை, அழைப்பிதழ் வடிவமைக்கும் வாசகர்:
பக்க வடிவமைப்பு நிரலான பேஜ்மேக்கரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகிய கை. இப்போது இன்டிசைனுக்கு மாறியிருக்கிறேன். கை ஒன்று நினைக்க, திரையில் வேறொன்று நடக்கிறது. மேலும் எங்கள் ஊரில் ஒரே பலகையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். போட்டோஷாப்பில் வேலை செய்யும்போது மொழி தானாக மாறிவிடுகிறது.

பதில்: உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே இன்டிசைனில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த பேஜ்மேக்கரை, 1994-இல் அந்நிறுவனத்தோடு சேர்த்து அடோபி எடுத்துக்கொண்டது; 2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பெரும் பதிப்பு. அதை விட்டு வருகிறவர்களுக்காகவே இன்டிசைனின் 'எடிட்' மெனுவில் உள்ள 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' பெட்டியில், மேலே 'செட்' என்ற இடத்தில் பேஜ்மேக்கர் 7.0 விசைத் தொகுப்பு ஒன்று தயாராக இருக்கிறது; குவார்க் எக்ஸ்பிரஸ் 4.0-க்கும் ஒன்று உண்டு. பேஜ்மேக்கர் தொகுப்பைத் தேர்ந்து 'ஓகே' கொடுத்தால் போதும். அதன்மேல் உங்கள் சொந்த மாற்றங்களைச் செய்ய விரும்பினால், 'நியூ செட்' கொடுத்து, அதை அடிப்படையாகக் கொண்ட புதுத் தொகுப்பை உங்கள் கடைப் பெயரில் உருவாக்கிக்கொள்ளுங்கள். 'ஷோ செட்' என்ற பொத்தான் எல்லா விசைகளையும் எழுத்துக் கோப்பாகத் திறந்து காட்டும். அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம்.

ஆனால் கடையில் பழகுநர்கள் இருந்தால் யோசியுங்கள். பழைய விசைகளைக் கற்றுக்கொண்டு வேறு கடைக்குப் போகிற பையன் அங்கே முதல் நாளே திணறுவான். உங்கள் கணினிக்கு மட்டும் பழைய தொகுப்பு, மற்றவற்றில் இயல்பான தொகுப்பு என்பதே என் பரிந்துரை. இலவசமாகக் கிடைக்கும் வரைகலை நிரலான இங்க்ஸ்கேப்பிலும் இப்படி கோரல்டிராவை ஒத்த விசைத் தொகுப்பு ஒன்று கூடவே வருகிறது. கோரலில் பழகியவர்கள் அதன் 'பிரிஃபரன்சஸ்' பெட்டியில் விசைப்பலகைப் பிரிவைப் பார்க்கலாம்.

மொழி தானாக மாறவில்லை. உங்கள் விரல்தான் மாற்றுகிறது. இடப்பக்க ஆல்ட் + ஷிப்ட் சேர்ந்தால் உள்ளீட்டு மொழியை மாற்ற வேண்டும் என்பது விண்டோஸின் வழக்கம். போட்டோஷாப்பிலோ ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்ந்துவரும் விசைகள் ஏராளம். விசை மாற்றும் பெட்டியைத் திறப்பதே ஆல்ட் + ஷிப்ட் + கண்ட்ரோல் + கே தான். விண்டோஸ் அமைப்புகளில் 'டைம் அண்ட் லாங்வேஜ்', 'டைப்பிங்', 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' என்று போய், 'இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ்' பெட்டியில் 'சேஞ்ச் கீ சீக்வென்ஸ்' கொடுத்து, அங்குள்ள இரண்டு பத்தியிலும் 'நாட் அசைன்டு' என்று வைத்துவிடுங்கள். மொழி மாற்றுவதற்கு விண்டோஸ் விசை + ஸ்பேஸ் எப்போதும்போல இருக்கும்; அது தவறுதலாக விரலில் சிக்காது.

ஓசூரிலிருந்தே இன்னொரு வாசகர், மேக் கணினியில் இதெல்லாம் உண்டா என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறார். உண்டு, இன்னும் எளிது. 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'கீபோர்டு', 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்', 'ஆப் ஷார்ட்கட்ஸ்' என்று போய், நிரலைத் தேர்ந்து, மெனுவில் இருக்கும் கட்டளைப் பெயரை அப்படியே தட்டி விசை கொடுத்தால் போதும். பெயருக்குப் பின்னால் மூன்று புள்ளிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துத் தட்ட வேண்டும். ஒரு புள்ளி விடுபட்டாலும் வேலை செய்யாது.

பர்கூர் வாசகர்:
கிரானைட் பட்டறை விபத்தில் வலது கை செயலிழந்தது. இப்போது ஒரு கடையில் ரசீதும் கடிதமும் தமிழ்99-இல் தட்டச்சு செய்கிறேன். இரண்டு, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவது இடது கைக்கு எட்டுவதில்லை. என்டர் விசைக்குக் கையைக் கொண்டுபோவதே பெரும்பாடு.

பதில்: ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால், 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும்; ஆம் என்று சொல்லுங்கள். அதன் பிறகு கண்ட்ரோலைத் தட்டி விட்டுவிட்டு, ஷிப்ட்டைத் தட்டி விட்டுவிட்டு, கடைசியில் எழுத்தைத் தட்டினால், மூன்றும் சேர்ந்து அழுத்தியதாகவே கணக்கில் வரும். தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ போன்ற எழுத்துகளுக்கு ஷிப்ட் தேவை என்பதால் தட்டச்சுக்கும் இது உதவும். அமைப்புகளில் 'ஆக்சசிபிலிட்டி', 'கீபோர்டு' பகுதிக்குப் போய், இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்தினால் இந்த வசதி அணைந்துவிடும் என்ற தேர்வை நீக்கிவிடுங்கள். இல்லையேல் கடையில் வேறொருவர் வந்து வழக்கம்போல ஒரு கூட்டு விசையை அழுத்தியவுடன் அது அணைந்துவிடும்.

என்டருக்கு, மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, அதில் 'கீபோர்டு மேனேஜர்' பகுதியில் 'ரீமேப் எ கீ' வழியாக, கேப்ஸ் லாக் விசையை என்டராக மாற்றிவிடுங்கள். தமிழ்த் தட்டச்சில் கேப்ஸ் லாக்குக்கு வேலையே இல்லை. இடது சுண்டுவிரலுக்கு நேர் பக்கத்தில் இருக்கும் அவ்வளவு பெரிய விசை சும்மா கிடக்கிறது. அங்கேயே 'ரீமேப் எ ஷார்ட்கட்' என்ற பகுதியில், வலப்பக்கம் உள்ள கூட்டுகளை இடப்பக்க விசைகளுக்குக் கொண்டுவரலாம். கடைசிக் கட்டத்தில் நிரலின் பெயரைக் கொடுத்தால் அந்த நிரலுக்கு மட்டும் அது பொருந்தும். பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் இவை செல்லும் என்பதால், கணினியோடு சேர்ந்து அதுவும் தொடங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கடையின் ரசீது நிரல் நிர்வாகி உரிமையுடன் திறக்கப்படுகிறது என்றால், பவர்டாய்ஸையும் அதே உரிமையுடன் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நிரலுக்குள் மட்டும் உங்கள் மாற்றங்கள் வேலை செய்யாது.

ஊத்தங்கரைக் கல்லூரி மாணவி:
நகலெடுக்க சி என்பது புரிகிறது. ஒட்டுவதற்கு ஏன் வி?

பதில்: விசைப்பலகையின் கீழ்வரிசையைப் பாருங்கள்: இசட், எக்ஸ், சி, வி நான்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1983-இல் வந்த ஆப்பிள் லிசா கணினியிலும் அடுத்து வந்த மெக்கின்டாஷிலும் ஒரே கைக்கு எட்டும்படி இவை ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். ஐ.பி.எம். 1987-இல் வகுத்த விதிகளில் இதற்கு வேறு விசைகள் இருந்தன: நகலுக்குக் கண்ட்ரோல் + இன்சர்ட், ஒட்டுவதற்கு ஷிப்ட் + இன்சர்ட். இன்றும் விண்டோஸின் பெரும்பாலான நிரல்களில் அவை வேலை செய்கின்றன. வி எழுத்து விசை தேய்ந்து பழுதான கணினியில் ஒருமுறை ஒரு வாரம் அதைக் கொண்டே சமாளித்திருக்கிறேன்.

அரூரில் கணினிப் பயிற்சி மையம் நடத்தும் வாசகர்:
மாணவர்கள் வீட்டில் வேர்டும் இங்கே லிப்ரே ஆபீஸும் பயன்படுத்துகிறார்கள். பத்தியின் அலங்காரத்தை நீக்குவதாக நினைத்துக் கண்ட்ரோல் + க்யூ அழுத்துகிறார்கள். மொத்த நிரலும் மூடிக்கொள்ளப் பார்க்கிறது. எல்லாக் கணினியிலும் விசையை மாற்றிவிடலாமா?

பதில்: வேர்டில் அது பத்தி வடிவத்தைக் களையும் விசை, லிப்ரே ஆபீஸில் நிரலை விட்டு வெளியேறும் விசை. சேமிக்காத கோப்பு இருந்தால் அது கேட்கும் என்றாலும், அவசரத்தில் 'சேமிக்க வேண்டாம்' என்று அழுத்துகிறவர்கள் இருப்பார்கள். இந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள்: முதல் பதிலில் சொன்ன பெட்டியில் அந்த வரியைத் தேர்ந்து 'டிலீட்' கொடுத்தால் விசை ஒன்றும் செய்யாது; வெளியேற 'ஃபைல்' மெனு இருக்கிறது. பொதுக் கணினியில் ஒரு விசையை வேறு வேலைக்கு மாற்றுவதைவிட, ஆபத்தான விசையை வெறுமையாக்குவது நல்லது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் உதவுவதாக எண்ணி, எனக்கு வசதியான ஐந்தாறு விசைகளை ஒரு கணினியில் வைத்துவிட்டு வந்தேன். அதே இருக்கையில் பிற்பகல் வேறொருவர் உட்காருவார் என்பது எனக்குத் தெரியாது. 'கணினியில் ஏதோ புகுந்துவிட்டது' என்று இரண்டு நாள் வைரஸ் தேடியிருக்கிறார்கள்.

உங்கள் மையத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் விண்டோஸில் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். இந்த மாற்றங்கள் எல்லாம் பயனர் கணக்கில்தான் சேர்கின்றன. ஒரு மாணவர் எதை மாற்றினாலும் அடுத்த வகுப்பின் விசைகள் அப்படியே இருக்கும். கண்ட்ரோல் + க்யூவை நீக்கிய அமைப்பை ஒருமுறை கோப்பாகச் சேமித்து, ஒவ்வொரு கணக்கிலும் 'லோட்' கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பத்துக் கணினிகளுக்கு ஒரு பிற்பகல் ஆகும்.